டூயல் பூட் போட்டால் ராம் பாதியாகாது

"லேப்டாப்பில் விண்டோஸோடு லினக்ஸையும் போட்டால் ராம் இரண்டாகப் பிரிந்துவிடும், கேம் திணறும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது விர்ச்சுவல் மெஷினுக்குப் (விண்டோஸ் ஓடும்போதே அதற்குள் லினக்ஸையும் ஓட்டுவது) பொருந்தும், டூயல் பூட்டுக்கு (இரண்டையும் தனித்தனியாகப் போட்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் ஓட்டுவது) இல்லை. லேப்டாப்பை ஆன் செய்ததும் வரும் மெனுவில் எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அது மட்டும்தான் ஓடும். 16 ஜிபி ராம் இருந்தால் 16-ம் அதற்கே, கிராஃபிக்ஸ் கார்டும் அப்படியே. இன்னொன்று எஸ்எஸ்டியில் சும்மா கிடக்கும்.

பங்கு போடுவது எஸ்எஸ்டி இடத்தைத்தான். பெரிய கேம்கள் சில 100 ஜிபிக்கு மேல் கேட்பதால் 512 ஜிபி சீக்கிரமே நிரம்பிவிடும். சரி, கேம் ஃபோல்டரை இரண்டுக்கும் பொதுவாக வைக்கலாமே என்றால், அங்கேதான் வம்பு. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால், ஷட் டவுன் கொடுத்தாலும் அது முழுசாக அணையாது. அப்போது விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவில் இருக்கும் அந்தப் பார்ட்டிஷனை (எஸ்எஸ்டியில் பிரித்த பகுதி) லினக்ஸ் ரீட் ஒன்லியாக, அதாவது எழுத முடியாமல் படிக்க மட்டும் திறக்கும், இல்லை திறக்கவே மறுக்கும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை ஆஃப் செய்துவிடுங்கள். ஆனாலும் விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் ஸ்டீம் புரோட்டானுக்கு, லினக்ஸின் எக்ஸ்ட்4 வடிவில் தனி பார்ட்டிஷன்தான் நிம்மதி.

அப்புறம், வாலரன்ட் கேம் ஆடுபவர்கள் ஆர்வக்கோளாறில் விண்டோஸை அழித்துவிடாதீர்கள். அந்த கேமின் வேன்கார்டு ஆன்டி-சீட் (ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் மென்பொருள்), புரோட்டான் இருந்தாலும் லினக்ஸில் ஓடாது.