ஐஸ் இருக்கட்டும், மணி என்ன?

ஸ்ட்ரோக் வந்தவருக்குத் தலையில் ஐஸ் வைக்கும் அந்த வீடியோவை இனிமேல் யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்தாச்சு. மீன் ஏலக்கூடத்தில் ஒருவர் சரிகிறார், வாய் கோணுகிறது, வலது கை தூக்க வரவில்லை. சாளைப் பெட்டியிலிருந்து நொறுக்கின ஐஸை அள்ளித் துண்டில் கட்டி, தலையிலும் கழுத்திலும் வைக்கிறார்கள். பின்னணியில் உருக்கமான இசை. பதறிப்போய்ச் செய்தவர்களைக் குறை சொல்லவில்லை. "மூளையைக் குளிரவைத்து உயிர்காத்த வீரர்கள்" என்று தலைப்புப் போட்டுப் பரப்பிய மகான்களிடம்தான் கேட்கிறேன்: அவர் கடைசியாக நல்லபடியாக இருந்தது எத்தனை மணிக்கு? அந்த வீடியோவில் ஒருத்தராவது கேட்டாரா?

ஸ்ட்ரோக்கில் மூளை ரத்தக்குழாயின் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான். அறிகுறியை நாம் கண்டுபிடித்த நேரத்திலிருந்து அல்ல, ஆள் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து. அடைப்பா, ரத்தக்கசிவா என்பது சி.டி. ஸ்கேன் எடுக்காமல் யாருக்கும் தெரியாது. ஐஸ் கட்டுகிற ஒவ்வொரு நிமிஷமும் அந்த நாலரையிலிருந்துதான் கழிகிறது.

சரி, ஐஸ் என்ன செய்யும்? மண்டையோட்டுக்கு மேல் வைத்த ஐஸ் மூளையின் ஆழத்தைத் தொடாது. உடம்புச் சூட்டோடு ரத்தம் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறதே. தோலில்தான் ரத்தக்குழாய்கள் சுருங்கும், உடம்பு நடுங்கும். நடுங்கினால் உடம்பு கூடுதல் சூட்டை உண்டாக்கும், ஆக்சிஜனைக் கூடுதலாகத் தின்னும், பிரஷர் ஏறும். பிரஷர் 185/110-க்கு மேல் போனால் அதைக் குறைக்காமல் ஊசி போட முடியாது. உதவி என்று செய்தது ஊசியையே தள்ளிப்போடுகிறது.

ஐசியூவில் குளிர்விப்பது வேறு வேலை. 4 டிகிரி சலைன், தொடை ரத்தக்குழாய் வழியாகப் போகும் குளிர்க் கதீட்டர் குழாய், சிறுநீர்ப்பையிலோ உணவுக்குழாயிலோ வெப்பநிலை சென்சார். உள்ளே குளிர்விக்கும்போதே வெளியே சூடான போர்வை போட்டுத் தோலை ஏமாற்ற வேண்டும், நடுக்கத்துக்கு பெதிடின் போன்ற மருந்து வேண்டும். பொட்டாசியம் இறங்கும், சூடேற்றும்போது ஏறும். அவசரமாகச் சூடேற்றினால் மூளை வீக்கம் திரும்பும். அதனால் மணிக்கு கால் டிகிரி, மிஞ்சினால் அரை டிகிரி.

இவ்வளவு செய்தும் ஸ்ட்ரோக்கில் பலன் நிரூபணமாகவில்லை. ஐரோப்பாவில் 1,500 பேரைச் சேர்க்கத் திட்டமிட்ட யூரோஹிப்-1 ஆய்வு 98 பேரோடு நின்றுபோனது. குளிர்வித்தவர்களில் பெரும்பாலோருக்கு இலக்கு வெப்பநிலையே கிடைக்கவில்லை. 2016-இல் வெளியான ஐக்டஸ்-2 ஆய்வில் 33 டிகிரிக்கு இறக்கியவர்களிடம் நிமோனியா கூடுதலாகத் தெரிந்தது.

"இதயம் நின்றவர்களைக் குளிர்விக்கிறார்களே?" என்று கமெண்டில் ஒருவர். ஆமாம், 2002-இல் வந்த ஆய்வுகளுக்குப் பிறகு அது பரவலானது. அது மொத்த உடம்புக்கும் ரத்தம் நின்று திரும்பிய மூளை. இங்கே ஒரு குழாய் இன்னும் அடைத்தபடி கிடக்கிறது. அதிலும் 2021-இல் வந்த டிடிஎம்-2 ஆய்வு, 33 டிகிரிக்கும் காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்வதற்கும் வித்தியாசம் காணவில்லை.

"பாட்டன் காலத்து வைத்தியம்" என்று இன்னொருவர். நம்ம கடற்கரையில் பாட்டனுக்கு ஐஸ் எங்கிருந்து கிடைத்ததாம்? இதற்கு மேல் அவருக்குப் பதில் இல்லை.

மூன்றாவது ஆள் எழுதியதுதான் உறைக்கிறது. "இலவச வைத்தியம் பரவினால் ஆஸ்பத்திரிக்காரங்களான உங்களுக்குக் கமிஷன் போகுமே." அண்ணாச்சி, ராத்திரி கேஷுவாலிட்டியில் வந்து நின்று பாருங்க. ஈரத்தலையோடு கொண்டுவந்த ஒருவரின் மனைவியிடம் நர்ஸ் மணி கேட்கிறார். அந்த அம்மாவுக்கு மணி தெரியவில்லை. "கோயில்ல ரெண்டாம் மணி அடிக்கும்போது அவிய நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தாவ" என்கிறார். போதும்! பூசை நேரத்தை விசாரித்து நேரம் குறித்தாகிவிட்டது. கூட வந்த படித்த மருமகனோ, ஐஸ் எத்தனை நிமிஷம் வைத்தோம் என்பதைத்தான் துல்லியமாகச் சொன்னார்.

"அப்போ காய்ச்சல் வந்தாலும் சும்மா இருக்கணுமா?" இல்லை. காய்ச்சலைக் குறைப்பதும் உடம்பை 33-க்கு இறக்குவதும் ஒன்றல்ல. 37.5-ஐத் தாண்டினால் பாரசிட்டமால் கொடுப்போம். காய்ச்சல், சர்க்கரை, விழுங்கும் திறன் மூன்றையும் நர்ஸுகள் ஒழுங்காகக் கவனித்தாலே இறந்தோ முடங்கியோ போனவர்களின் எண்ணிக்கை குறைந்ததை 2011-இல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. மெஷின் இல்லை, இசை இல்லை, அதனால் யாரும் ஷேர் செய்வதில்லை. விழுங்குகிறாரா என்று சோதிக்காமல் வாயில் மாத்திரையும் கூடாது, கருப்பட்டிக் காப்பியும் கூடாது, ஒரு மடக்குத் தண்ணீரும் கூடாது. நுரையீரலுக்குள் போய்விடும்.

வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால் 108. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோ வேறெதுவோ, சி.டி.யும் அந்த ஊசியும் இருக்கிற இடத்துக்கு நேராக.

கமிஷன் அண்ணாச்சிக்கு ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் பிரஷர், சுகர் உள்ள பெரியவர்கள் இருந்தால் அவர்களுடைய மாத்திரை அட்டைகளை இன்றைக்கே போட்டோ எடுத்து போனில் வையுங்க. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் அதைத் தனியாகக் குறியுங்க. அது தெரியாமல் ஊசி போட்டால் ரத்தம் கசியலாம். கமிஷன் கணக்கை அப்புறம் பேசலாம்.