பால்மாவில் ஐம்பது ரூபாய் கூட்டலாம் என்பது தவறு

தம்பி, வீடுகளுக்குப் பலசரக்கு கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலில் "பால்மா, சவர்க்காரம் எல்லாவற்றிலும் ஐம்பது ரூபாய் கூட்டிப் போட்டால் பெற்றோல் காசு வந்துவிடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து யாரும் இதை நம்பி இறங்கவேண்டாம். பொதியில் அச்சிட்ட உச்ச சில்லறை விலைக்கு மேல் விற்பது, இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்கீழ் குற்றம். கொண்டுபோகும் கூலியைப் பற்றுச்சீட்டில் தனி வரியாக எழுதுங்கள். முதலே சொல்லிவிட்டால் வாடிக்கையாளர் முகம் சுளிக்கமாட்டார்.

"கம்பனிக்குத்தான் பதிவு வேண்டும்" என்பதும் சரியல்ல. தனி ஆளாக நடத்தினாலும், கடைக்கென்று ஒரு பெயர் வைத்தால் பிரதேச செயலகத்தில் வணிகப் பெயரைப் பதியவேண்டும்.

நான் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இந்தத் தொழிலைத்தான் செய்கிறேன். பொதிப் பொருளில் இலாபம் மிகக் குறைவு. கை கொடுப்பது மரக்கறி. விடியவே திருநெல்வேலிச் சந்தைக்குப் போய், கத்தரிக்காயைக் காம்பு பார்த்து நானே தெரிவுசெய்வேன். காம்பு பச்சையாக இருந்தால்தான் எடுப்பேன். தொடக்கத்தில் ஒருநாள் தேங்காய்க்குக் கீழே தக்காளியை வைத்துக் கட்டிவிட்டேன். பையைத் திறந்த அம்மா ஒன்றும் பேசாமல் நசிந்த நான்கைத் தனியே எடுத்து வைத்தார். அன்றே மாற்றிக் கொடுத்தேன். இன்றும் என்னிடம்தான் வாங்குகிறார். கொக்குவில், கோண்டாவில் தாண்டி நான் இன்னும் போகவில்லை. ஒரே ஒழுங்கையில் ஐந்து வீடு கிடைத்தால்தான் பெற்றோல் கட்டுப்படியாகிறது.