அந்த ஓநாய்ப் படம் பற்றி ஒரு திருத்தம்

வரிசையாகப் பனியில் நடக்கும் ஓநாய்களின் படத்தைப் பலர் பகிர்ந்திருக்கிறீர்கள். முன்னால் போவது வயதான, நோயுற்ற மூன்று, கடைசியில் தனியாக வருவது தலைவன் என்கிறது அதன் குறிப்பு. அது சரியல்ல. படம் உண்மையானது, விளக்கம்தான் பின்னால் யாரோ ஒட்டியது.

கனடாவின் வுட் பஃபலோ தேசியப் பூங்காவில், பிபிசியின் 2011 ஆவணத் தொடருக்காக சாடன் ஹண்டர் எடுத்த படம் அது. காட்டெருமை வேட்டைக்குப் போகும் 25 ஓநாய்கள். கூட்டத்தின் தலைவி முன்னால் நடக்கிறது என்பதே பிபிசியின் விளக்கம். ஆழமான பனியை மிதித்துத் தடம் போடுவது கடும் வேலை. பின்னால் வருபவை அதே தடத்தில் நடந்து சக்தியை மிச்சப்படுத்துகின்றன. அந்த வேலையை நோயாளியிடம் விட்டால் கூட்டமே தாமதமாகும்.

காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பம். ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999-இல் இதை விரிவாக எழுதினார். வழிநடத்துவது பெரும்பாலும் பெற்றோரே.

படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். பழைய பதிவுகளும் பிபிசியின் மூல விளக்கமும் கிடைக்கும். அப்புறம், பகிர்ந்தவர்கள் விளக்கத்தை மட்டும் மாற்றிவிடுங்கள், படத்தை நீக்க வேண்டாம். அருமையான படம் அது.