பாட்டுக்கு முன்னால் ஒரு எண்ணைச் சொல்லியிருக்கலாமே

செவ்வாய்க்கிழமை காலை தமிழ் வானொலி நிகழ்ச்சியைக் கேட்டவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். போனில் கூப்பிட்டு, கணவர் அடிக்கிறார் என்று அழுத அந்த அக்காவுக்கு அறிவிப்பாளரிடம் கிடைத்த பதில்: "பிள்ளைங்க முகத்தைப் பார்த்துப் பொறுத்துப் போங்கக்கா." அப்புறம் ஒரு பாட்டு. அவ்வளவுதான்.

பெயரை மாற்றித்தான் பேசினார். மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி எல்லாரும் எல்லாரையும் தெரிந்த ஊரில் குரலை மாற்ற முடியுமா? பத்து மணிக்கெல்லாம் மார்க்கெட்டில் மீன் வாங்குகிறவர்கள் அது யார் வீடு என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அழுதது ஒருவர். அந்தப் பதிலைத் தன் வீட்டுக்கும் என்று எடுத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்? என் அம்மாவும் அப்படித்தான்.

அம்மா 31 வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், இருந்தவரை வீட்டில் சத்தம் கேட்டால் வாசலுக்கு நாலு பேர் வந்துவிடுவார்கள். தோட்டம் கைமாறி, தாமான் என்கிற குடியிருப்புப் பகுதிக்கு வந்து, அப்பாவும் போன பிறகு வீட்டில் பேசுவது ரேடியோ மட்டும்தான். உடைந்த ஏரியலில் செம்புக் கம்பி சுற்றி அரிசி டின் மேல் வைத்திருக்கிறார். அறிவிப்பாளர் அவருக்குத் 'தம்பி'. தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ராத்திரி என் அக்கா அழுதுகொண்டு போன் செய்தாள். அம்மா சொன்னது: "பொறுத்துப் போம்மா. ரேடியோவுல தம்பிகூட அதைத்தானே சொல்றாரு." அக்கா நான்கு மாதம் கூப்பிடவே இல்லை. தீபாவளிக்கு வந்து முறுக்குத் தட்டை நீட்டினாள். வளையலுக்கு மேலே கை பச்சையும் மஞ்சளுமாகக் கன்றிப் போயிருந்தது. அம்மாவும் பார்த்தார். அன்று முழுக்க ரேடியோவைத் திறக்கவில்லை.

"பிடிக்கலன்னா அடைச்சிடுங்க" என்று எழுதப் போகிறீர்கள். நான் அடைத்துவிடுவேன், அம்மாவுக்கு யார் துணை? நல்லதும் சொல்கிறார்கள், மறுக்கவில்லை. சர்க்கரை மாத்திரையை நிறுத்தக்கூடாது என்று ஒரு டாக்டர் பேசியதைக் கேட்டுத்தான் அம்மா மறுபடி கிளினிக் போனார். ஆனால் "இருக்கிற தமிழ் வானொலியையும் குறை சொல்லணுமா" என்று மட்டும் கேட்காதீர்கள், மனசு வலிக்கிறது. தமிழில் ஆறுதலாகப் பேச வேறு ஆள் இல்லாததால்தான் எங்கள் அம்மாக்கள் அதை இப்படி நம்புகிறார்கள். நம்புகிறவர்களிடம் இப்படியா பேசுவது?

மலேசியாவில் குடும்ப வன்முறைச் சட்டம் 1994-லேயே வந்துவிட்டது. 2018 முதல் சமூக நல அதிகாரியே அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்கலாம், 7 நாள் செல்லும். 'தாலியான் காசே' என்ற உதவித் தொலைபேசி எண் 15999, 24 மணி நேரமும் எடுப்பார்கள். அழுகிறவரை லைனில் நிறுத்திவிட்டு விளம்பரம் போட நேரம் இருந்ததே, இந்த எண்ணைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

என் அக்காவுக்கு அன்று அதை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, எனக்கே தெரியாது.

அந்த அக்காவின் வீடு தெரிந்தவர்கள் இந்த ஊரில் இருக்கிறீர்கள். மார்க்கெட்டில் பேசியது போதும். தயவுசெய்து ஒருமுறை கதவைத் தட்டிப் பாருங்கள்.