மஞ்சளைக் கண்டதும் விரல் விட்டுவிடுகிறது

ஒவ்வொரு ஒலிம்பிக்ஸ் முடிந்ததும் நம் வில்வித்தை வீரர்களுக்கு ஒரே தீர்ப்புதான்: "திறமை இருக்கு, மனசுல தெம்பு இல்ல." 2024 பாரிஸுக்குப் பிறகும் அதையேதான் எழுதினோம். தீபிகா குமாரி காலிறுதியில் 4-2 என்று முன்னிலையில் இருந்து, கொரியாவின் நாம் சு-ஹியோனிடம் 4-6 எனத் தோற்றார். தீரஜ் பொம்மதேவரா, அங்கிதா பகத் ஜோடி கலப்பு அணியில் நான்காவது இடம். 1988இல் முதன்முதலாக ஒலிம்பிக் வில்வித்தைக்குப் போனோம், இன்னும் ஒரு பதக்கம்கூட வரவில்லை. வருத்தப்பட நமக்கு உரிமை உண்டு. ஆனால் மனத்தெம்பைப் பிறவிக் குணம் போலப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அது தோள்பலம் மாதிரிதான். இத்தனை நாள், இத்தனை தடவை என்று செய்தால் வரும், விட்டால் போய்விடும்.

மனம் இடறினால் இந்த விளையாட்டில் என்ன ஆகும் என்று கிட்டப் போய்ப் பாருங்கள். தூரம் 70 மீட்டர். இலக்குத் தாள் 122 செ.மீ. நடுவில் மஞ்சள் நிறம், அதற்குள் 10 புள்ளி வட்டம் 12.2 செ.மீ., டீ கப் வைக்கும் தட்டைவிடச் சின்னது. நாணை இழுத்து, கையைத் தாடைக்கு அடியில் பதித்து, முதுகுத் தசையால் கடைசி ஓரிரு மில்லிமீட்டரை இழுக்கும்போது அம்பின் முனை கிளிக்கர் என்ற மெல்லிய தகட்டைத் தாண்டி உள்ளே வரும். 'டிக்' என்று சத்தம் கேட்கும். அப்போதுதான் விரல் தளர வேண்டும்.

ஒரு நாளைக்கு 200, 300 அம்பு விடுகிற பிள்ளையின் மூளை, கொஞ்ச நாளில் 'மஞ்சள் தெரிவது', 'விரலை விடுவது' இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிடும். தவறிவிடுமோ என்ற பயமும் சேர்ந்தால் முடிச்சு இறுகிவிடும். இதற்கு டார்கெட் பேனிக் என்று பெயர். சிலருக்கு மஞ்சளைக் கண்டதுமே, கிளிக்கர் சத்தம் வருவதற்கு முன்பே, அம்பு போய்விடும். சிலருக்குக் குறி மஞ்சளுக்குக் கீழேயே நின்றுவிடும், எவ்வளவு முயன்றாலும் மேலே ஏறாது. வேறு சிலருக்குக் குறி நடுவில் சரியாக நிற்கும், கடைசி ஒரு மில்லிமீட்டரை மட்டும் இழுக்க வராது, கை நடுங்க ஆரம்பிக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர் "பயந்துட்டான்" என்பார். பயிற்சியாளர் "மஞ்சளை நல்லாப் பாரு" என்று கத்துவார். முடிச்சே மஞ்சளைப் பார்ப்பதில்தான் இருக்கிறது, அதனால் அந்தக் கத்தல் அதை இன்னும் இறுக்கும்.

மனத்தைக் குறை சொல்லும் முன் வில்லைப் பாருங்கள். கிளிக்கர் அரை சென்டிமீட்டர் வில்லாளியின் பக்கமாகத் தள்ளி இருந்தால், களைத்த தோளால் அம்பை உள்ளே கொண்டுவர முடியாது. வில்லின் இழுவிசை பிள்ளையின் பலத்துக்கு அதிகமாக இருந்தாலும் அதே நடுக்கம்தான். நூறாவது அம்புக்குப் பிறகு மட்டும் கோளாறு தலைகாட்டினால், முதல் சந்தேகம் வில்லின் மேல் விழட்டும்.

வில் சரியாக இருந்தும் கோளாறு தொடர்ந்தால், முடிச்சை அவிழ்க்கத் தாளைக் கழற்றுங்கள். தாளைத் தாங்கும் வெறும் மெத்தைக்கு முன்னால் 3 முதல் 5 மீட்டரில் நிற்கவைத்து, பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, தினம் நூறு அம்பு. புள்ளி கிடையாது. கவனம் முழுக்க முதுகில். அதோடு 'விடாத இழுப்பு' தினம் இருபது முறை: தாளை மாட்டி, குறியை மஞ்சளில் நிறுத்தி, ஐந்து விநாடி வைத்திருந்து, அம்பை விடாமலேயே இறக்குவது. அது பழகிய பிறகு, கிளிக்கர் சத்தம் வந்தும் விடாமல் இன்னும் இரண்டு விநாடி இழுத்துக்கொண்டே இருந்து இறக்குவது. சத்தமும் விரலும் தனித்தனி, விடுவது என் முடிவு என்று உடம்பு இப்படித்தான் திரும்பக் கற்கும். மூன்று வாரம் போனதும் பெரிய தாளை 10 மீட்டரில் வைத்துத் தொடங்கி, 18, 30, 50 என்று தள்ளிப் போகலாம். எந்தத் தூரத்தில் பழைய கோளாறு எட்டிப் பார்க்கிறதோ, அதற்கு முந்தைய தூரத்துக்குத் திரும்பி ஒரு வாரம்.

இந்தச் சிகிச்சை பாதியில் கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம்தான். "அடுத்த மாசம் மாநிலப் போட்டி" என்று இரண்டாவது வாரத்திலேயே 70 மீட்டருக்கு இழுத்துப் போவார்கள். அவிழத் தொடங்கிய முடிச்சு முன்னைவிட மோசமாக விழும்.

இனிப் போட்டி நேரம். தனிநபர் சுற்றில் இருவரும் மாறி மாறி விடும்போது ஓர் அம்புக்கு 20 விநாடி. அந்த 20 விநாடிக்குள் ஒவ்வொரு முறையும் அதே வரிசை நடக்க வேண்டும். எதிராளியின் முறை நடக்கும்போதே நான்கு எண்ணி மூச்சை உள்ளே, ஆறு எண்ணி வெளியே, இரண்டு தடவை. வெளிமூச்சு நீளமாக இருப்பது முக்கியம், இதயத் துடிப்பை இறக்குவது அதுதான். கடிகாரம் ஓடத் தொடங்கியதும் வில்லைத் தூக்கு, இழு, பதி. மனசுக்குள் ஒரே ஒரு சொல், தாய்மொழியில்: "முதுகு" அல்லது "இழு". "ஏழு வந்துடக் கூடாது" என்று நினைத்தால் மனம் ஏழையே தேடிப் போகும். வெள்ளைக் கரடியை நினைக்காதே என்று சொன்னால் அது திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவதை உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987லேயே சோதித்துக் காட்டினார். கடிகாரத்தில் எட்டு விநாடி மிச்சம் இருக்கும்போது இழுப்பு சரியில்லை என்று தெரிந்தால், இறக்கிவிட்டு மறுபடி தூக்க நேரம் உண்டு. நான்கு விநாடியில் தெரிந்தால் நேரமில்லை. இந்த எல்லையைப் பயிற்சியில் நூறு தடவை தொட்டுப் பார்க்காதவர், போட்டி மேடையில் இறக்கத் துணியமாட்டார். கோணலான இழுப்பென்று தெரிந்தே விட்டுவிடுவார்.

2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில் வில்லாளிகளின் இதயத் துடிப்பைக் கேமரா மூலம் அளந்து திரையில் காட்டினார்கள். பெண்கள் தனிநபர் இறுதியில் சமநிலையை முறிக்க விட்ட கடைசி ஒற்றை அம்பில் கொரியாவின் ஆன் சானுக்கு 118, ரஷ்ய அணியின் எலேனா ஒசிபோவாவுக்கு 167. ஆன் சான் 10 எடுத்தார், ஒசிபோவா 8. உடனே "இரும்பு இதயம்" என்று எல்லோரும் பகிர்ந்தார்கள். எனக்கு அதில் தெரிந்தது வேறு. அப்படித் துடிக்கும் இதயத்தோடும் ஒசிபோவா ஒலிம்பிக் வெள்ளி வாங்கினார். துடிப்பு ஏறத்தான் செய்யும், ஏறிய துடிப்போடும் அதே வரிசையைச் செய்யக் கற்றுக்கொடுப்பதே பயிற்சியாளரின் வேலை. ஆன் சானின் நிதானமும் வானத்திலிருந்து விழுந்ததில்லை. மாதக்கணக்கில் பல கட்டமாக நடக்கும் கொரிய அணித் தேர்வில் பழைய பதக்கத்துக்குச் சலுகை இல்லை. டோக்கியோவில் மூன்று தங்கம் வென்ற அவரே பாரிஸ் அணியில் இடம் பெறவில்லை! அந்த அணி புறப்படும் முன், கொரியாவின் ஜின்சியோன் தேசியப் பயிற்சி மையத்தில் பாரிஸ் மைதானத்தின் மாதிரியைக் கட்டி அங்கே பழகியது. கால்பந்து மைதானத்தில் ரசிகர் கூச்சலுக்கு நடுவிலும் அம்பு விட்டது. பாரிஸில் ஐந்து தங்கமும் அவர்களுக்கே.

அவர்கள் அளவுக்குப் பணம் வேண்டாம். மாவட்ட அகாடமியில்கூடச் செய்யக்கூடியது இருக்கிறது. காலையில் கை சூடாகும் முன், எல்லோரும் பார்க்க, ஆளுக்கு ஒரே ஓர் அம்பு, அதன் புள்ளி கரும்பலகையில். பயிற்சி முடிந்து களைத்த நேரத்தில், போனில் 20 விநாடி டைமர் வைத்து இருவர் இருவராக மோதல். ஸ்பீக்கரில் கூட்டச் சத்தம். 60 மீட்டர் ஓடி வந்து, மூச்சு வாங்கும்போதே ஓர் அம்பு. வாரம் இரண்டு நாள் போதும், தினமும் வைத்தால் நெருக்கடி என்ற உணர்வே மரத்துப்போகும். நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பத்தி: ஒன்றில் புள்ளி, மற்றொன்றில் 'வரிசையை முழுசாகச் செய்தேனா' என்பதற்கு 1 அல்லது 0. இரண்டாவது பத்தியில் பத்துக்கு ஒன்பது வந்தால், அன்றைய புள்ளி குறைந்திருந்தாலும் பயிற்சி நன்றாகவே போயிருக்கிறது.

மனப் பயிற்சியாளர் என்று வருபவரிடம் கேட்க வேண்டியது: மைதானத்துக்கு வந்து நிற்பாரா? எதை எழுதி அளப்பார்? பிள்ளை சொன்னதைத் தேர்வாளரிடமும் பெற்றோரிடமும் சொல்லாமல் காப்பாரா? தூக்கம் போய், சாப்பாடு குறைந்து, வாழ்வே வேண்டாம் என்று ஒரு பிள்ளை பேசினால், தானே சமாளிக்கப் பார்க்காமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அனுப்புவாரா? அறைக்குள் ஸ்லைடு போட்டு இரண்டு மணி நேரம் கைதட்ட வைத்துப் போகிறவருக்குக் கொடுக்கும் காசில், ஒரு டைமரும் ஸ்பீக்கரும் வாங்கி, மிச்சத்துக்கு அம்பு வாங்கலாம்.

பெற்றோருக்கு ஒன்று. பயிற்சி முடிந்து வண்டியில் ஏறும் பிள்ளையிடம் "இன்னைக்கு எத்தனை பாயிண்ட்?" என்று தொடங்காதீர்கள், குறிப்பாக அந்த மூன்று வாரத்தில். தாளே இல்லாத மெத்தையில் நூறு அம்பு விட்டுவிட்டு வரும் பிள்ளையிடம் அதற்குப் பதில் இருக்காது.