படத்தைத் திட்டுங்க சார், பார்த்தவங்களை எதுக்குத் திட்டுறீங்க

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சினிமாக் குழுவின் மொட்டை மாடித் திரையிடலில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். இல்லாதவர்களுக்கு ஸ்க்ரீன்ஷாட் வந்திருக்கும். ஆனால் அன்றைக்கு மைக்கில் ஆன்லைன் காதலையும் அதைப் பார்த்து உருகுகிறவர்களையும் கிண்டலடித்த சார், நேற்று ராத்திரி குழுவில் மறுபடியும் "மேடத்துக்கு ரொம்பச் சுட்டுருச்சு போல" என்று போட்டு, பக்கத்தில் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மையையும் வைத்திருக்கிறார். அதற்குக் கைதட்டல் வேறு. ஆமாம் சார், சுட்டுவிட்டது. எந்த இடத்தில் சுட்டது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

படம் 'யூ'வ் காட் மெயில்'. 1998 டிசம்பரில் வந்தது. நோரா எஃப்ரான் இயக்கம், டாம் ஹாங்க்ஸ், மெக் ரயன். நியூயார்க்கில் அம்மா விட்டுப்போன சின்னக் குழந்தைகள் புத்தகக் கடையை நடத்துகிற ஒருத்தி, பெரிய புத்தகக் கடைச் சங்கிலியின் முதலாளி வீட்டுப் பையன் ஒருத்தன். நேரில் அடித்துக்கொள்கிறார்கள், பெயர் தெரியாமல் மின்னஞ்சலில் உருகுகிறார்கள். அவ்வளவுதான் கதை. இதை எல்லாரும் கொண்டாட வேண்டும் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. எனக்கே பாதிப் படம்தான் பிடித்தது.

படம் முடிந்ததும் பேச்சு நன்றாகத்தான் ஆரம்பித்தது. இழுவை என்று ஒருத்தர். மோடம் கீச்சுக் கீச்சென்று கத்திக் கனெக்‌ஷன் கிடைக்கிற இடத்தில் பின்வரிசைப் பிள்ளைகள் "இது என்ன சத்தம்?" என்று கேட்டுச் சிரித்தார்கள். இதே கதையை 1940-இலேயே எர்ன்ஸ்ட் லுபிட்ஷ் எடுத்துவிட்டார், அதில் மின்னஞ்சலுக்குப் பதில் கடிதம், அதற்கும் மூலம் 1937-இல் வந்த ஹங்கேரி நாடகம் என்று இன்னொருவர் எடுத்துச் சொன்னார். கேட்க சந்தோஷமாக இருந்தது. இப்படிப் பேசத்தானே மாடியேறி வருகிறோம்?

அப்புறம்தான் சார் மைக்கை வாங்கினார். "நேர்ல ஒரு பொண்ணுகிட்டப் பேசத் துப்பில்லாதவன் கண்டுபிடிச்சதுதான் ஆன்லைன் காதல். இதைப் பார்த்து உருகுறவங்களும் அதே கேஸ்தான்." மாடியே சிரித்தது.

சார், படம் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். திரைக்கதை சொதப்பல் என்று சொல்லுங்கள், மெக் ரயன் ஓவராகச் சிணுங்குகிறார் என்று சொல்லுங்கள், பாட்டு சரியில்லை, கேமரா சரியில்லை, என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். 'அதே கேஸ்' என்றால் என்ன அர்த்தம்? அது விமர்சனமா?

என் கதை குழுவில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கும் தெரியட்டும். என் வீட்டுக்காரரை நான் முதலில் பார்த்தது யாஹூ மெசஞ்சரில். மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர். ப்ளைவுட் தடுப்பு, தலைக்கு மேல் காற்றே வராத ஃபேன், வாசலில் நோட்டில் பெயரும் நேரமும் எழுதுகிற அண்ணன். நான் உட்காரும் கம்ப்யூட்டரில் 'எம்' பொத்தான் சரியாக அமுங்காது. "ம்" என்று ஒற்றை எழுத்தில் பதில் போடக்கூட நாலு தடவை குத்த வேண்டும். அவர் அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். காவியமெல்லாம் பேசவில்லை. சாப்டாச்சா, மழையா, இன்னைக்கு ஓனர் திட்டினாரா, இதுதான் பேச்சு. நேரில் முதலில் சந்தித்தது மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில். ரெண்டு பேருக்கும் வாய் திறக்கவில்லை. டீக்கடையில் பன்னைப் பிய்த்துக்கொண்டே, ஏற்கெனவே டைப் அடித்த விஷயங்களையே புதுசு மாதிரி திரும்பச் சொல்லிக்கொண்டோம். துப்பில்லாதவர்கள்தான் சார், ஒத்துக்கொள்கிறேன். அந்த மெசஞ்சரையே 2018-இல் மூடிவிட்டார்கள். நாங்கள் இன்னும் மூடவில்லை.

கல்யாணத்தன்று எங்கள் பெரியம்மா மணமேடைக்கு வந்து அவரிடம் கேட்டது, "தம்பி, கம்ப்யூட்டர்லருந்து நேரா வர்றீகளா, இல்ல பஸ்ஸு மாறி வந்தீகளா?" பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவரும் பாவம், சிரித்தார். இன்றைக்கு வரைக்கும் எங்கள் சொந்தத்தில் அவருக்குப் பெயர் 'கம்ப்யூட்டர் மாப்பிள்ளை'. காதுகுத்துக்குப் போனாலும் அதுதான், துட்டிக்குப் போனாலும் அதுதான். அதனால் ஞாயிற்றுக்கிழமை மாடி சிரித்தபோது எனக்கு அது புதுச் சிரிப்பாகத் தெரியவில்லை.

"ஓ, இவங்களுக்கு ஆன்லைன் கல்யாணம், அதான் வக்காலத்து" என்று கமெண்ட் வரும். வரட்டும். கிரிக்கெட் ஆடினவன் கிரிக்கெட் படத்தைப் பற்றிப் பேசலாம், ராணுவத்தில் இருந்தவர் போர்ப் படத்தைப் பற்றிப் பேசலாம். நான் மட்டும் வாயை மூட வேண்டுமா?

"ஆன்லைனில் ஏமாற்றுக்காரன் நிறைய" என்று அடுத்தது வரும். இருக்கிறான். யார் இல்லை என்றது? பணம் போனால் 1930-க்குக் கூப்பிடு என்று அரசாங்கமே நம்பர் கொடுத்திருக்கிறது. அதற்காக? தரகர் கொண்டுவந்த வரனில் சம்பளத்தைக் கூட்டிச் சொன்னவன் இல்லையா, வியாதியை மறைத்தவன் இல்லையா, முதல் பெண்டாட்டியை மறைத்தவன்கூட இல்லையா? அங்கே மட்டும் "விதி" என்று முடித்துவிடுவோம். சரி, இதற்கு மேல் இதில் பேச ஒன்றும் இல்லை.

ஆனால் பின்வரிசையில் இருந்த கல்லூரிப் பெண் ஒன்று சொன்னாளே, அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவளை யாரும் முழுசாகப் பேசவே விடவில்லை. படத்தில் ஹோட்டலில் ரோஜாப்பூவும் புத்தகமுமாகக் கதாநாயகி காத்திருக்கிறாள். கதாநாயகன் தன் கூட்டாளியை ஜன்னல் வழியாகப் பார்க்கச் சொல்லி, உள்ளே இருப்பது யார் என்று தெரிந்துகொள்கிறான். தெரிந்தும் உள்ளே போய் ஒன்றும் தெரியாதவன் மாதிரி எதிரில் உட்காருகிறான். அங்கிருந்து படம் முடியும் வரை அவனுக்கு எல்லாம் தெரியும், அவளுக்கு ஒன்றும் தெரியாது. "இது காதலா, எலியை வச்சுப் பூனை விளையாடுறதா?" என்று கேட்டாள் அந்தக் கல்லூரிப் பெண். அதைவிட, அம்மா நினைவாக வைத்திருந்த கடையை இழுத்து மூட வைத்தவனையே கடைசியில் பூங்காவில் கண்ணீரோடு கட்டிப்பிடிக்கிறாளே, அது எப்படி என்றும் கேட்டாள்.

அந்தப் பாதிதான் எனக்கும் பிடிக்கவில்லை. எங்கள் அப்பா வில்லாபுரத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். பக்கத்துத் தெருவில் ஏசி போட்ட பெரிய கடை வந்தது. கண்ணாடிக் கதவு, சக்கரம் வைத்த கூடை. அப்பாவிடம் வருஷக்கணக்காகக் கடன் நோட்டு வைத்திருந்தவர்கள் அங்கே போக ஆரம்பித்தார்கள். போனால் பரவாயில்லை. திரும்பும் வழியில் அந்தக் கடைப் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, அப்பாவிடம் ரெண்டு ரூபாய்க்குக் கறிவேப்பிலை கேட்பார்கள். அப்பாவும் பையைப் பார்க்காத மாதிரி கொசுறோடு கொடுப்பார். அந்தப் பெரிய கடைக்காரன் வீட்டுப் பையன் எனக்கு எத்தனை அழகாக மெயில் அனுப்பியிருந்தாலும் நான் மன்னித்திருக்க மாட்டேன். மெக் ரயன் மன்னிக்கிறார். எஃப்ரான் அதைச் சிரிப்பும் பூவுமாகப் பூசி மெழுகிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

பார்த்தீர்களா சார், படத்தை எப்படியெல்லாம் திட்டலாம்! அந்தப் பெண் திட்டியதில் எனக்குக் கோபம் வரவில்லையே. அவள் படத்தைத் திட்டினாள். நீங்கள் என்னைத் திட்டினீர்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். போன மாதம் 'காதல் கோட்டை' பற்றிப் பேச்சு வந்தபோது அரை மணி நேரம் புகழ்ந்தது யார்? 1996-இல் வந்த படம், அகத்தியனுக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது கிடைத்தது என்று புள்ளிவிவரத்தோடு சொன்னீர்கள். நானும் கைதட்டினேன், நல்ல படம். அதிலும் பார்க்காமல்தானே காதலிக்கிறார்கள்? ஸ்டாம்ப் ஒட்டினால் காவியம், மவுஸைத் தட்டினால் கேஸா? முகம் பார்க்காமல் கோப்பெருஞ்சோழனோடு நட்பாகி, அவன் வடக்கிருந்து உயிர்விட்ட இடத்துக்கே போய்த் தானும் வடக்கிருந்து உயிர்விட்ட பிசிராந்தையார் நம்ம பாண்டிநாட்டுக்காரர் என்று மேடைக்கு மேடை மார்தட்டுகிறீர்கள். அவரிடம் போய்க் கேளுங்களேன், "நேர்ல பேசத் துப்பில்லையா?" என்று.

உண்மையில் பிரச்சினை கம்ப்யூட்டர் இல்லை. கம்ப்யூட்டரில்தான் இன்றைக்கு ஊரில் பாதி வரன் பார்க்கிறார்கள். ஜாதி, உட்பிரிவு, நட்சத்திரம், சம்பளம், நிறம் என்று ஒவ்வொன்றாக ஃபில்டர் போட்டு, தொழுவத்தில் மாடு பார்க்கிற மாதிரி போட்டோவைத் தள்ளித் தள்ளி அப்பா பார்த்தால் அது சம்பந்தம். அதே கம்ப்யூட்டரில் மகள் ஒருத்தனிடம் "சாப்டாச்சா" என்று கேட்டால் அது நோய். எங்கள் குழுவில் யார் யார் வீட்டு ஜாதகம் எந்தெந்தத் தளத்தில் ஏறியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். அந்த நாகரிகம் எனக்கு உண்டு.

என் கல்யாணத்தில் எங்கள் சொந்தக்காரர்களை உறுத்தியது மெசஞ்சர் என்றா நினைக்கிறீர்கள்? "என்ன ஆளுக?" என்று கேட்டுப் பதில் கிடைத்த பிறகு வந்த உறுத்தல் அது. அதை வெளிப்படையாகச் சொல்ல முடியாது, நாலு பேர் பார்ப்பார்கள். அதனால் கம்ப்யூட்டர் மாப்பிள்ளை. ஜோக் மாதிரி இருக்கும், யாரும் கோபித்துக்கொள்ளவும் முடியாது. கோபித்தால் "சும்மா தமாசுக்குச் சொன்னேன், ரொம்பச் சுட்டுருச்சு போல" என்று சொல்லிவிடலாம். இந்த வசனம் எங்கள் வீட்டில் ரொம்பப் பழசு சார்.

"இவ்வளவு பெரிசா எழுதணுமா, அவர் பெரிய மனுசர், விட்டுடுங்க" என்று காலையிலிருந்து இன்பாக்ஸில் ரெண்டு பேர் சமாதானம் பேசுகிறார்கள். அன்புக்கு நன்றி. அதே சமாதானத்தை அவர் மைக்கில் பேசியபோது அவரிடம் பேசியிருக்கலாமே? என் வீட்டுக்காரர் அன்றைக்குக் கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எல்லாருக்கும் தெரியும், சாருக்கும் தெரியும். வீட்டுக்கு வரும் வழியில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கோரிப்பாளையம் சிக்னலில் வண்டி நின்றபோது "படம் நல்லாத்தான இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த ஞாயிறு அந்த 1940 படத்தையே போடலாம் என்று பேச்சு அடிபடுகிறது. போடுங்கள். நாங்கள் ரெண்டு பேரும் வருவோம், இந்தத் தடவை முன்வரிசையில். வழக்கமாக என் வீட்டிலிருந்து வருகிற சுண்டல் மட்டும் வராது. சார் வீட்டிலிருந்து வரட்டும். தேங்காய் கொஞ்சம் கூடப் போடச் சொல்லுங்கள்.