பின்சீட்டிலிருந்து சில வார்த்தைகள்

வயதான தம்பதிகள் குழுவோடு சைக்கிள் ஓட்டப் போனால் ஒருவர் பின்தங்கிவிடுகிறார் என்று உங்கள் கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். எங்கள் கதையும் அதேதான். என் கணவருக்கு 68, எனக்கு 63. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் கிளம்பினால் காலாப்பட்டு போவதற்குள் நான் பின்னால் எங்கேயோ இருப்பேன். இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதிக்கும் டாண்டம் சைக்கிளுக்கு மாறிய பிறகு அந்தக் கவலை விட்டது.

முன்னால் அவர், பின்னால் நான். இரண்டு பேரின் பெடலும் செயினால் இணைந்திருப்பதால் அவர் மிதிப்பதை நிறுத்தினால் என் காலும் நின்றுவிடும். எனக்குத் தெரிவதெல்லாம் வியர்வையில் நனைந்த அவர் சட்டை முதுகுதான். அதனால் "பள்ளம்", "பிரேக்" என்று அவர் முன்கூட்டியே குரல் கொடுக்க வேண்டும். ஒரு தடவை சொல்லாமல் வேகத்தடையில் ஏற்றிவிட்டார், ஒரு வாரம் எனக்கு இடுப்பு வலி. இப்போது மறப்பதே இல்லை.

சமதரையில் டாண்டம் நன்றாக ஓடும், ஏற்றத்தில்தான் திணறும். நம் ஈசிஆரில் ஏற்றம் குறைவு, எங்களுக்குத் தோதான சாலை. ஆனால் இரண்டு பேர் எடையோடு சட்டென்று நிறுத்த முடியாது. குழுவில் வரும் தம்பிகளே, தயவுசெய்து எங்கள் முன்சக்கரத்துக்கு நேர் முன்னால் வந்து நுழையாதீர்கள். கொஞ்சம் இடம் விட்டால் போதும், கூடவே வந்துவிடுவோம்.